கோடைக்கான சேமிப்பு மழைக்காலத்தில் தொடங்கட்டும்

ஒரு குடும்பத்திற்கு ஆண்டில் ஆறு மாதங்கள் மட்டுமே வருவாய் உண்டு. செலவோ பன்னிரண்டு மாதங்களுக்கும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அக்குடும்பம் என்ன செய்யும்? வருவாய் வரும் மாதங்களில் ஒரு பகுதியை எடுத்து வைக்கும். வராத மாதங்களில் அதைக் கொண்டு வாழும். வானம் பார்த்த பூமியில் பயிரிடும் நம் உழவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வாறே வாழ்ந்து வந்துள்ளன.

நீரைப் பொறுத்தவரை நகரங்களில் வாழும் நாமும் இதே நிலையில்தான் இருக்கிறோம். மழை என்னும் வருவாய் சில மாதங்களே வருகிறது. ஆயினும் குழாயைத் திறந்தால் நீர் வருவதால், அது மாதந்தோறும் தவறாமல் வரும் ஊதியம் என்று எண்ணப் பழகிவிட்டோம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை வேகமாக வளரும் நகரங்கள் ஒவ்வொன்றாக உணர்ந்து வருகின்றன. அவற்றுள் ஒன்றான பெங்களூருவை எடுத்துக்கொண்டு, வீட்டளவில் நாம் செய்யக்கூடியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஏரிகளிலிருந்து காவிரி வரை

பெங்களூரு எந்தப் பேராற்றின் கரையிலும் அமைந்த நகரமன்று. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டுநிலத்தில் அது அமைந்துள்ளது. அதனாலேயே பழங்காலத்தில் மழைநீரைத் தேக்கும் ஏரிகள் அதன் உயிர்நாடியாக விளங்கின. நகரம் விரிந்தபோது அவற்றுள் பல மறைந்தன. இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி.

ஏரிகள் போதாத நிலையில் நகரம் வெளியிலிருந்து நீரைத் தேடியது. முதலில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் நீர் வந்தது. 1974-இல் காவிரி நீர் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு, மூன்று கட்டங்களாக ஏற்றப்பட்டு அந்நீர் நகரை அடைகிறது. நம் குளியலறையில் வழிந்தோடும் ஒவ்வொரு வாளி நீருக்குப் பின்னும் இத்தனை மின்சாரமும் உழைப்பும் உள்ளன.

அந்நீர் பலருக்கும் உரிய நீர் என்பதையும் மறத்தலாகாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய காவிரித் தீர்ப்பில், பெங்களூருவின் குடிநீர்த் தேவையைக் கருதி 4.75 டி.எம்.சி. நீர் கர்நாடகத்துக்குக் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. என வகுக்கப்பட்டது. நகரத்தின் குழாயும் டெல்டாவின் வயலும் ஒரே ஆற்றையே நம்பியிருக்கின்றன.

2001-இல் ஏறத்தாழ 57 லட்சமாக இருந்த பெங்களூருவின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் 85 லட்சமாக உயர்ந்தது; அதன் பின்னரும் நகரம் விரிந்துகொண்டே இருக்கிறது. 2007-இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 ஊர்களுக்கெனக் காவிரியின் ஐந்தாம் கட்டத் திட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் அளவில், 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை அப்பகுதிகளின் பெரும்பாலான வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையுமே நம்பியிருந்தன.

2024 கோடை கற்பித்த பாடம்

2023-இல் தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் பொய்த்தது. அதன் விளைவு அவ்வாண்டிலேயே முழுமையாகத் தெரியவில்லை. 2024 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில்தான் தெரிந்தது. நகரத்தில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. மார்ச்சில், குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவுதல், தோட்டத்திற்குப் பாய்ச்சுதல், கட்டடம் கட்டுதல் ஆகியவற்றைக் குடிநீர் வாரியம் தடை செய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் விதித்தது. லாரி நீரின் விலை கட்டுக்கடங்காமல் ஏறவே, மாவட்ட நிர்வாகம் விலையை வரையறுத்தது. 5 கிலோமீட்டருக்குள் கொண்டுவரப்படும் 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய் என்பது அவ்வரையறை.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. மழை குறைந்த காலத்துக்கும் குழாய் வறண்ட காலத்துக்கும் இடையே பல மாத இடைவெளி இருந்தது. தட்டுப்பாடு வந்த பின்னர் செய்யக்கூடியது சிக்கனம் மட்டுமே. சேமிப்பை அப்போது தொடங்க இயலாது. சேமிப்பதற்குரிய காலம் மழைக்காலம்; சேமிப்புக்கு ஆயத்தம் செய்வதற்குரிய காலம் அதற்கும் முந்தைய கோடைக்காலம்.

முதலில் நம் வீட்டு நீர்க்கணக்கு

எந்தச் சேமிப்புத் திட்டமும் வரவு செலவு எழுதுவதில்தான் தொடங்குகிறது. நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது நாளொன்றுக்கு 540 லிட்டர் ஆகிறது. நம் வீட்டின் உண்மையான செலவு இதற்கு மேலா, கீழா என்பதை ஒரு வாரம் குறித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவையும், அதை வாரத்தில் எத்தனை முறை நிரப்புகிறோம் என்பதையும் எழுதினால் போதும்.

அடுத்து, ஒழுக்கைக் கண்டறிய வேண்டும். இரவில் மோட்டாரையும் குழாய்களையும் பயன்படுத்தாத நேரத்தில், தரைத்தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு குச்சியால் அளந்து குறித்துக்கொள்ளலாம். குழாய் நீர் வராத இரவாக அது இருத்தல் வேண்டும். விடியற்காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியில் விரிசல் உள்ளது என்று பொருள். கழிவறைத் தொட்டியில் சிறிது மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டுப் பார்க்கலாம். பீங்கானில் மஞ்சள் நிறம் தெரிந்தால் அங்கே நீர் ஓசையின்றிக் கசிகிறது. சொட்டும் குழாய் நம் கண்ணில் படும். இத்தகைய கசிவுகள் படுவதில்லை. ஆதலால் இவற்றால் ஏற்படும் இழப்பே பெரிது.

மூன்றாவதாக, செலவு மிகுந்த இடங்களைக் காண வேண்டும். பழைய கழிவறைத் தொட்டிகள் ஒரு முறைக்கு 10 லிட்டர் வரை வெளியேற்றுகின்றன. நால்வர் வீட்டில் நாளொன்றுக்கு 20 முறை எனக் கொண்டால் 200 லிட்டர். 3 லிட்டர், 6 லிட்டர் என்னும் இரு பொத்தான் தொட்டியை அமைத்தால், 15 முறை சிறிய பொத்தானையும் 5 முறை பெரிய பொத்தானையும் அழுத்துவதாகக் கொள்ளின் 75 லிட்டரே செலவாகும். நாளொன்றுக்கு 125 லிட்டர் மிச்சம். இது ஒருவரின் ஒரு நாள் தேவைக்கு ஏறக்குறையச் சமம்.

குழாயின் வாயில் பொருத்தப்படும் ஏரேட்டர் என்னும் சிறு வலை, நீருடன் காற்றைக் கலந்து, குறைந்த நீரிலேயே கை கழுவவும் பாத்திரம் துலக்கவும் உதவுகிறது. 2024-இல் பெங்களூருவின் வணிக வளாகங்களிலும் அடுக்ககங்களிலும் இது கட்டாயமாக்கப்பட்டது. வாடகை வீட்டில் இருப்போரும் இதனை வாங்கிப் பொருத்திக்கொண்டு, வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். ஆர்.ஓ. வடிகட்டி, ஒரு லிட்டர் குடிநீரைத் தருவதற்கு அதனினும் மிகுதியான நீரை வெளியேற்றுகிறது. அதனை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். அதில் உப்பு மிகுந்திருக்கும் என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றுவது நன்றன்று.

கூரை ஈட்டித் தரும் வருவாய்

செலவைக் கண்டோம், இனி வரவைக் காண்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். மழைநீர்க் கணக்கு முழுவதும் இந்த ஒரே வாய்பாட்டில் அடங்கியுள்ளது.

பெங்களூருவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் அது 97,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் முதல் நீரை வெளியேற்றுவதும் போக, 80 விழுக்காடு கைக்கு வருவதாகக் கொண்டாலும் 77,600 லிட்டர். நால்வர் குடும்பத்தின் 143 நாள் தேவை இது. லாரிக் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் லாரிகள் ஆறுக்கும் மேல்.

இவ்வளவு நீரையும் வீட்டுத் தொட்டியில் தேக்கி வைக்க இயலாது என்பது உண்மையே. ஆனால் அதற்குத் தேவையுமில்லை. 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு நல்ல மழையில் அக்கூரை 4,000 லிட்டர் தரும். அது ஒரு வாரத்திற்குக் காணும். அந்த வாரத்தில் நாம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்காமல் விட்ட நீர் நிலத்தடியிலேயே தங்கும். அடுத்த மழையில் தொட்டி நிறைந்து வழிவதை நிலத்திற்குள் இறக்கலாம். பயன்படுத்துதல், மிச்சத்தை நிலத்தில் இடுதல் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்ததே முறையான மழைநீர்ச் சேமிப்பு.

இதற்கான அமைப்பு எளியது. மொட்டைமாடியின் நீர் விழும் குழாய்களை ஒன்றிணைத்து, ஒரு வடிகட்டியின் வழியே தரைத்தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். வடிகட்டிக்கு முன்னர், முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்ற ஒரு வால்வு வேண்டும். 100 சதுர மீட்டர் கூரைக்கு முதல் 200 லிட்டரை வெளியே விட்டால், தூசியும் பறவை எச்சமும் பெரும்பாலும் நீங்கிவிடும். கூழாங்கல், மணல் கொண்டு அமைத்த வடிகட்டியாயினும் கடையில் கிடைக்கும் ஆயத்த வடிகட்டியாயினும், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழுவப்படுதல் வேண்டும். அவ்வாறு கழுவாமையால் அடைபட்டு, பின்னர் கைவிடப்பட்ட அமைப்புகள் பல.

பெங்களூருவில் 2009 முதல் இது சட்டத்தின் தேவையும் ஆகும். 1,200 சதுர அடிக்குக் குறையாத மனையில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கும், 2,400 சதுர அடிக்குக் குறையாத மனையில் முன்னரே அமைந்த வீடுகளுக்கும் மழைநீர் அமைப்பு கட்டாயம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே இது கட்டாயமாக்கப்பட்டதை நம் வாசகர் பலர் நினைவில் கொண்டிருப்பர். அமைப்பை நேரில் கண்டு தெரிந்துகொள்ள விரும்புவோருக்கென, குடிநீர் வாரியம் ஜெயநகரில் ஒரு விளக்கப் பூங்காவை அமைத்துள்ளது.

நிலத்தடி நீர் ஒரு கூட்டுக் கணக்கு

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்குக் கூட்டுக் கணக்கு என்பது புதிதன்று. அதில் எவரும் பணம் இடலாம், எவரும் எடுக்கலாம். அனைவரும் எடுப்பவர்களாகவே இருந்து, இடுபவர் ஒருவரும் இல்லையாயின் கணக்கு வறளும். நிலத்தடி நீர் அத்தகைய கூட்டுக் கணக்கே. ஒரே ஒரு வேறுபாடு உண்டு: இதற்குக் கையிருப்பைக் காட்டும் பாஸ்புக் இல்லை. மோட்டார் காற்றை இழுக்கும் நாளில்தான் கணக்கு தீர்ந்தது நமக்குத் தெரியவருகிறது. அப்போது இன்னும் ஆழமாகத் துளையிடுவோர், அண்டை வீட்டாரின் இருப்பையும் சேர்த்தே எடுக்கின்றனர். ஆழமாகத் துளையிடப் பணம் இல்லாத வீட்டார் லாரிக்காகக் குடத்துடன் காத்திருக்கின்றனர்.

இக்கணக்கில் இடுவதற்கான வழி மீள்செறிவுக் கிணறு. ஏறத்தாழ 3 அடி விட்டமும் 20 அடி ஆழமும் கொண்டு, சிமெண்டு உறைகளை இறக்கி, அடியைப் பூசாமல் விடப்படும் கிணறு இது. ஒரே நேரத்தில் ஏறத்தாழ 4,000 லிட்டரைத் தாங்கி, மெல்ல மண்ணுக்குள் இறக்கும். பெங்களூருவில் மண்ணு வட்டர் எனப்படும் கிணறு வெட்டும் சமூகத்தினர் தலைமுறைகளாக இத்தொழிலில் தேர்ந்தவர்கள். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது வேலை குன்றிய அவர்களுக்கு, மீள்செறிவுக் கிணறுகள் மீண்டும் வேலை தந்துள்ளன. கப்பன் பூங்காவிலும் அவர்களது உழைப்பால் பழைய கிணறுகள் தூர்வாரப்பட்டு, புதிய கிணறுகள் வெட்டப்பட்டுள்ளன.

இதில் கைக்கொள்ள வேண்டிய விதிகள் சில உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் இக்கிணற்றை அமைத்தலாகாது. சமையலறை, குளியலறை நீர் எதனையும் இதற்குள் விடலாகாது. வாகனம் நிறுத்துமிடத்தின் எண்ணெய் கலந்த நீரும் சேரலாகாது. வடிகட்டாத மழைநீரை ஆழ்துளைக் கிணற்றுக் குழாய்க்குள் நேரே இறக்குவது, பலருக்கும் உரிய நீரை மாசுபடுத்தும் செயலாகும். கூட்டுக் கணக்கில் செல்லாத நாணயத்தை இடுவதற்கு அது ஒப்பாகும்.

மிகுதியிலும் தட்டுப்பாடு உண்டு

நீர் ஆயத்தம் என்றால் கோடைக்கான ஆயத்தம் மட்டுமே என எண்ணுதல் கூடாது. 2022 செப்டம்பரில் பெங்களூருவின் கிழக்குப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அதே நாட்களில், காவிரி நீரை நகருக்கு ஏற்றும் டி.கே.ஹள்ளி நீரேற்று நிலையத்திற்குள் வெள்ளம் புகுந்ததால், நகரின் பல பகுதிகளில் குழாய் நீர் நின்றது. தெருவெங்கும் நீர், குடிக்க நீரில்லை.

ஆதலால் மழைக்காலத்திலும் இரண்டு நாள் குடிநீரைத் தூய கலங்களில் மூடி வைத்திருத்தல் நலம். தாழ்வான தெருக்களில் உள்ளோர், தரைத்தொட்டியின் வாயைத் தெரு மட்டத்திற்கு மேல் உயர்த்தி, இறுக மூடும் மூடியை அமைக்க வேண்டும். வெள்ளநீர் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் அந்நீரைப் பயன்படுத்தலாகாது. தொட்டியை இறைத்து, தேய்த்துக் கழுவி, மீண்டும் தூய நீர் நிரப்பிய பின்னர், 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனியே கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். குடிக்கும் நீரைக் காய்ச்சிக்கொள்வது அதனினும் பாதுகாப்பு.

தேக்கி வைத்த தூய நீரிலேதான் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. தொட்டிகளின் காற்றுக்குழாய்களுக்கு நுண்ணிய வலை கட்டுவதும், திறந்த வாளிகளையும் தொட்டிகளையும் வாரம் ஒருமுறை காலி செய்து தேய்ப்பதும் இன்றியமையாதவை. நீரைச் சேமிக்கும் வீடு நோயைச் சேமிக்கும் வீடாகிவிடலாகாது.

அடுக்ககங்களில் வாழ்வோருக்கு

அடுக்ககங்களில் நீர்க்கட்டணம் பெரும்பாலும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. சிக்கனமாக இருப்பவரும் வீணாக்குபவரும் ஒரே தொகை செலுத்தும்போது, சிக்கனத்துக்கு ஊக்கம் இல்லை. வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்தினால் இந்நிலை மாறும். தத்தம் அளவைக் கண்ட பின்னரே பலர் கசிவுகளைப் பழுதுபார்க்க முற்படுகின்றனர்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள வளாகங்களில், சுத்திகரித்த நீரைக் கழிவறைக்கும் தோட்டத்திற்கும் தனிக்குழாய் வழியே திருப்பலாம். இதன் பெரும் அளவிலான எடுத்துக்காட்டு பெங்களூருவுக்கு அருகிலேயே உள்ளது. 2018 முதல், கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் வழியே நகரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் வறட்சி மிகுந்த கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்குச் செல்கிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது அதன் திட்ட அளவு. ஒரு நகரம் கழித்துவிட்ட நீர், மற்றொரு மாவட்டத்தின் ஏரிகளை நிரப்புகிறது.

பருவந்தோறும் செய்ய வேண்டியவை

தமிழகத்திலிருந்து பெங்களூருவில் குடியேறியோர் ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்நோக்கிப் பழகியவர்கள். இங்கோ சித்திரை இறுதியிலேயே கோடைமழை தொடங்கிவிடுகிறது. ஆண்டு மழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மே முதல் அக்டோபர் வரை பெய்துவிடுகிறது. ஆகவே ஆயத்தமும் முன்கூட்டியே வேண்டும்.

மார்ச்சு, ஏப்ரல்: ஒழுக்குச் சோதனை, ஒரு வார நீர்க்கணக்கு, தொட்டிகளைக் கழுவுதல். நீர் குறைந்திருக்கும் இக்காலமே தரைத்தொட்டியின் விரிசலை அடைப்பதற்கும் ஏற்றது. மீள்செறிவுக் கிணறு வெட்டுவதாயின் மண் உலர்ந்திருக்கும் இப்போதே வெட்டிவிட வேண்டும்.

மே: மொட்டைமாடியைப் பெருக்குதல், குழாய் வாய்களில் உள்ள சருகுகளை அகற்றுதல், வடிகட்டியைக் கழுவுதல், முதல் நீர் வால்வைத் திறந்து மூடிப் பார்த்தல்.

ஜூன் முதல் அக்டோபர் வரை: மாதம் ஒருமுறை வடிகட்டியைத் தூய்மை செய்தல், மழைநீர் இருக்கும் நாட்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு ஓய்வளித்தல், கொசு, வெள்ளம் ஆகியவற்றுக்கு எதிரான காவல்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை: மீள்செறிவுக் கிணற்றில் படிந்த வண்டலை அகற்றுதல், ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புதல், அவ்வாண்டு மழை குறைவாயின் அப்போதே செலவைக் குறைக்கத் தொடங்குதல்.

செலவா, முதலீடா?

கடந்த கோடையில் லாரி நீருக்கு நாம் செலுத்திய தொகையைக் கூட்டிப் பார்ப்போம். அதனுடன் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் பழுதுச் செலவையும் சேர்ப்போம். பின்னர், வடிகட்டிக்கும் மீள்செறிவுக் கிணற்றுக்கும் இரண்டு மூன்று பேரிடம் மதிப்பீடு பெற்று, இரண்டையும் அருகருகே எழுதிப் பார்ப்போம். எத்தனை கோடைகளில் போட்ட பணம் மீளும் என்பது அப்போது தெளிவாகும். லாரிக்குத் தரும் பணம் அந்த வாரத்தோடு தீர்கிறது; கிணற்றில் இட்ட பணம் பல மழைக்காலங்களுக்குப் பயன் தருகிறது.

மொத்தத் தொகையை ஒரே நேரத்தில் செலவிட இயலாதோர், முதலாண்டில் ஒழுக்குகளைச் சரிசெய்து ஏரேட்டர் பொருத்தலாம். இரண்டாம் ஆண்டில் வடிகட்டி, மூன்றாம் ஆண்டில் கிணறு எனப் படிப்படியாகச் செல்லலாம். அதற்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் இட்டு வருவது, கடன் சுமையின்றி இலக்கை அடையும் வழி. அடுக்ககச் சங்கங்களும் பராமரிப்பு நிதியில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கலாம்.

சிறு சேமிப்பே பெருஞ்செல்வம் ஆகும் என்பதை நாம் பணத்தில் கண்டறிந்திருக்கிறோம். நீரிலும் அது பொருந்தும். இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்கு ஏறி, மழைநீர்க் குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்போம். அக்குழாய் எங்கே சென்று முடிகிறது என்பதையும் பின்தொடர்ந்து காண்போம். அது தெருச் சாக்கடையில் முடியுமானால், நமக்கு வர வேண்டிய வருவாய் ஆண்டுதோறும் அங்கே போய்ச் சேர்கிறது. அதைத் திருப்பிவிடும் வேலையை அடுத்த மழைக்கு முன்னரே முடிப்போம்.